வெயிலும் விஞ்ஞானிகளும் மாநகராட்சியும்: அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருவநிலை ஆபத்தைச் சமாளிக்க விஞ்ஞானிகளும் நகர நிர்வாகமும் கைகோக்க வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் பேசுகிறார்கள். கைகோத்த பிறகு யார் எதைச் செய்வது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. இந்தியாவில் அதற்கு ஒரு நல்ல உதாரணம் அகமதாபாத். அங்கே 2013-ல் வந்த வெப்பச் செயல்திட்டம், அதாவது கடும் வெயில் வரும் முன்பே எச்சரித்து எந்தத் துறை என்ன செய்யும் என்று வகுத்து வைக்கும் ஏற்பாடு, தெற்காசியாவிலேயே முதலாவது. அதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டிய ஒன்றிரண்டையும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2010-ல் அங்கே அப்படி என்னதான் நடந்தது?

அகமதாபாத்துக்கு 40 டிகிரி ஒரு செய்தியே இல்லை. மே மாதத்தில் சராசரி உச்ச வெப்பநிலையே 41-ஐத் தாண்டும் ஊர் அது. ஆனால் 2010 மே மாதத்தில் வெயில் வேறு மாதிரி அடித்தது. 21-ம் தேதி 46.8 டிகிரி. அந்த ஒரு மாதத்தில் நகரத்தில் பதிவான மரணங்கள் 4,462. வழக்கமான மே மாதக் கணக்குப்படி சுமார் 3,118 இருந்திருக்க வேண்டும். 1,344 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள், அதாவது 43 சதவீதம் அதிகம்.

ஆனால் இந்த எண் அந்த மே மாதத்தில் யார் கையிலும் இல்லை. ஆஸ்பத்திரிகளில் கூட்டம் அதிகம் என்பது தெரிந்தது, வெயில் கடுமை என்பதும் தெரிந்தது. எவ்வளவு பெரிய இழப்பு என்பது பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. அந்த ஆய்வு 2014-ல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் வெளியானது.

அந்த 1,344 பேரும் சன் ஸ்ட்ரோக்கில் இறந்தவர்களா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி இருந்தும் சூட்டுக் காற்றையே சுற்றிவிடும் ஓர் அறையில், 68 வயது இதய நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளாக இரவிலும் சூடு இறங்கவில்லை. உடம்பைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன, சிறுநீரகம் திணறுகிறது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் அவர் இறந்துபோகிறார். டாக்டர் என்ன எழுதுவார்? மாரடைப்பு. அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த வெயில் இல்லாவிட்டால் அவர் அந்த வாரம் இறந்திருக்க மாட்டார்.

ஆகவே சான்றிதழில் 'வெப்பத் தாக்கு' என்று இருக்கும் மரணங்களை மட்டும் எண்ணினால் உண்மையில் ஒரு சிறு துண்டுதான் கிடைக்கும். விஞ்ஞானிகள் வேறு வழியில் போனார்கள். காரணத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை எடுத்து, வெயில் இல்லாத ஆண்டுகளின் அதே நாட்களோடு ஒப்பிட்டார்கள். வரும் வித்தியாசம்தான் மிகை மரணம்.

இதற்குத் தேவையான தரவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. மாநகராட்சியின் பிறப்பு–இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்தது. அதை மாநகராட்சி எடுத்துக் கொடுத்தது. எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயமாகப் படுவது இதுதான். தன் நகரத்தில் ஒரே மாதத்தில் ஆயிரத்துக்கு மேல் கூடுதல் மரணம் என்ற எண் வெளியே வந்தால் முதல் கேள்வி யார் மேல் பாயும் என்பது எந்த அதிகாரிக்கும் தெரியும். கொடுக்காமல் இருப்பதற்கு நூறு காரணம் சொல்லியிருக்கலாம்.

இதில் யார் யார் சேர்ந்தார்கள்?

அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம், அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் குழுமம், எமரி, மவுண்ட் சினாய், ஜார்ஜியா டெக் ஆகிய அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் ஆய்வாளர்கள். காந்திநகர் நிறுவனத்தின் இயக்குநராக அப்போது இருந்த டாக்டர் திலீப் மாவலங்கர் இதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பெயர்கள் நிறைய இருந்தாலும், பக்கத்து ஊரிலேயே ஓர் ஆய்வு நிறுவனம் இருந்தது பெரிய வசதி. ஆணையர் மாறினாலும் போய்ப் பேச ஆள் இருந்தது.

எத்தனை டிகிரியில் எச்சரிக்கை கொடுப்பது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

நாள்வாரி மரணத்தையும் நாள்வாரி வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எங்கே மரணம் ஏறத் தொடங்குகிறது, எங்கே செங்குத்தாக ஏறுகிறது என்று தேடினார்கள். கடைசியில் மூன்று படிகள் வந்தன. 41.1 முதல் 43 வரை மஞ்சள். 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு. 45-ஐத் தொட்டால் சிவப்பு.

43.0-க்கு மஞ்சள், 43.1-க்கு ஆரஞ்சு. இது அபத்தமாக இல்லையா?

உடம்புக்கு அப்படி ஒரு கோடு கிடையாது என்பது உண்மை. எந்த விஞ்ஞானியும் அதை ஒப்புக்கொள்வார். ஆனால் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் லாரியை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய அதிகாரிக்கு ஒரு வளைகோட்டைக் கொடுத்து என்ன பயன்? அவருக்கு வேண்டியது கோடு. அதற்கு மேலே போனால் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் பிறகு கேட்பார்கள் என்ற தெளிவு. விஞ்ஞானிகள் இங்கே கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

மஞ்சள் பற்றி எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. மே மாதச் சராசரியே 41-ஐத் தாண்டும் ஊரில் 41.1-க்கு எச்சரிக்கை என்றால் மாதம் முழுக்க மஞ்சள்தான். அது மக்களுக்கான எச்சரிக்கை என்பதைவிட அலுவலகங்களைத் தயார் நிலையில் வைப்பதற்கான ஏற்பாடு என்று எடுத்துக்கொள்வதே சரி. தினமும் அடிக்கும் மணியை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

வெயில் வரப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்தது?

தொடக்கத்தில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ஏழு நாள் முன்னறிவிப்பு தயாரித்துக் கொடுத்தார்கள். அது ஒற்றை எண்ணாக வரவில்லை, வாய்ப்பாக வந்தது: வியாழக்கிழமை இந்த அளவைத் தாண்ட இத்தனை சதவீதம் வாய்ப்பு என்பது மாதிரி. பிற்பாடு இந்திய வானிலை ஆய்வுத் துறையே நகரங்களுக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு தரத் தொடங்கியது. அதுதான் முறை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தயவில் ஒரு நகரம் எத்தனை வருடம் எச்சரிக்கை கொடுக்க முடியும்?

வாய்ப்பு என்று வந்தவுடன் ஒரு பழைய தகராறு தலைதூக்கும். "60 சதவீதம் என்கிறீர்கள். தாண்டாவிட்டால்?" என்பார் அதிகாரி. "தாண்டினால்?" என்பார் விஞ்ஞானி. இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம் வேறு. எச்சரித்து வெயில் வராவிட்டால் நிர்வாகத்தின் பேச்சுக்கு மதிப்புக் குறையும், செலவும் வீண். எச்சரிக்காமல் வெயில் வந்தால் உயிர் போகும். எந்த நஷ்டத்தை ஏற்பது என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை. அதை மக்கள் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களின் நிர்வாகமும்தான் தீர்மானிக்க வேண்டும். விஞ்ஞானி அதைத் தானே தீர்மானித்துக் கொடுத்தாலும் தப்பு, அதிகாரி அதை விஞ்ஞானியின் தலையில் கட்டினாலும் தப்பு.

சரி, எச்சரிக்கை வந்தால் உண்மையில் என்ன நடக்கும்?

திட்டத்தின் மையத்தில் இருப்பவர் ஓர் ஒருங்கிணைப்பு அதிகாரி, மாநகராட்சிச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். முன்னறிவிப்பு அவருக்குத்தான் வரும். சிவப்பு என்றால் அவரிடமிருந்து ஒரே நேரத்தில் பல இடங்களுக்குத் தகவல் போகும்: ஆஸ்பத்திரிகள், நகர்ப்புற சுகாதார நிலையங்கள், 108 ஆம்புலன்ஸ், தண்ணீர்த் துறை, மின்சார நிறுவனம், தொழிலாளர் துறை, ஊடகங்கள். ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும் என்பது வெயிலுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டியும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கூடுதலாக இருக்க வேண்டும். பூங்காக்களைப் பகலில் பூட்டக் கூடாது. இந்த ஒன்றைக் கவனியுங்கள், ஒரு ரூபாய் செலவில்லாத காரியம். நம் ஊர்களில் பூங்காவைக் காலையில் நடைப்பயிற்சிக்குத் திறந்து, பத்து மணிக்குப் பூட்டி, மாலையில் மறுபடி திறப்பார்கள். வண்டி இழுப்பவருக்கும் தெருவில் கீரை விற்பவருக்கும் மர நிழல் எப்போது தேவையோ சரியாக அந்த நேரத்தில் கதவில் பூட்டு தொங்கும்.

கோடை முடிந்த பிறகு எது நடந்தது, எது நடக்கவில்லை என்று உட்கார்ந்து பார்த்து, அடுத்த கோடைக்கு முன் திட்டத்தைத் திருத்துவதும் ஏற்பாட்டில் உண்டு.

ஆஸ்பத்திரி வார்டை மாற்றிய கதை என்ன?

சாரதாபென் மாநகராட்சி மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல் மாடியில் இருந்தது. மேலே மொட்டை மாடி, பகல் முழுக்க வெயில் வாங்கும் கான்கிரீட். 2010 கோடையில் பச்சைக் குழந்தைகள் காய்ச்சலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டே இருந்தன. தொற்றா என்று பார்த்தால் தொற்று இல்லை. குழந்தை மருத்துவர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டி வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்தார்கள். 42 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் வெப்பத்தால் அங்கே சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை 43 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது.

வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். அப்படிச் சேர்க்கப்படும் குழந்தைகள் குறைந்தார்கள். அவ்வளவுதான். புதுக் கட்டடம் இல்லை, ஏ.சி. டெண்டர் இல்லை. கட்டில்களையும் தொட்டில்களையும் இறக்கி வைத்தார்கள். பிரசவித்த தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மேல் மாடி வார்டை ஒதுக்கும் பழக்கம் நம் ஊர்களிலும் இருக்கிறது. தரவே தேவையில்லை, மே மாதம் மதியம் மூன்று மணிக்கு மேலே ஏறி நின்று பார்த்தால் போதும்.

திட்டத்தால் பலன் இருந்ததா? நிரூபித்திருக்கிறார்களா?

2018-ல் ஓர் ஆய்வு வந்தது. திட்டத்துக்கு முந்தைய 2007–2010 காலத்தையும் பிந்தைய 2014, 2015 ஆண்டுகளையும் ஒப்பிட்டு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. நல்ல செய்திதான். ஆனால் இது முன்பு–பின்பு ஒப்பீடு. 2010-ன் அதிர்ச்சியில் மக்களே ஜாக்கிரதையாகியிருக்கலாம், ஆஸ்பத்திரிகள் மேம்பட்டிருக்கலாம், மின்விசிறி வாங்கிய வீடுகள் கூடியிருக்கலாம். திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த எண்ணை மேடையில் சொல்பவர்கள் 'இருக்கலாம்' என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள்.

மற்ற நகரங்கள் இதை எடுத்துக்கொண்டனவா?

எடுத்துக்கொண்டன, அதிவேகமாக. 2016-ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அப்புறம் மாநிலங்கள், மாவட்டங்கள், நகரங்கள் என்று வரிசையாகத் திட்டங்கள் வந்தன.

வந்தவற்றின் தரம்தான் சிக்கல். டெல்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையம் 2023-ல் 37 திட்டங்களை எடுத்துப் படித்துப் பார்த்தது. உள்ளூருக்கென்று வெப்ப வரம்பு வைத்தவை 10. யாருக்கு ஆபத்து அதிகம் என்று முறையாக ஆராய்ந்தவை இரண்டே இரண்டு. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. மீதிக்கு அட்டையும் தலைப்பும் இருந்தன.

அகமதாபாத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்த வேலை பதிவேடு தோண்டுவதும், வரம்பு கண்டுபிடிப்பதும், எந்தத் துறை எதைச் செய்யும் என்று பேசி முடிப்பதும்தான். அந்த வேலையின் முடிவில் கிடைத்தது ஓர் ஆவணம். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு ஆவணத்தை நகல் எடுத்தார்கள்.

சென்னைக்கு அதே வரம்புகளை வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொண்டால் சிவப்பு எச்சரிக்கை ஏறக்குறைய ஒரு தடவைதான் அடித்திருக்கும். நுங்கம்பாக்கம் நிலையத்தின் வரலாற்று உச்சமே 45 டிகிரி, 2003 மே 31 அன்று. அகமதாபாத்தின் சிவப்பு தொடங்கும் இடம் அது.

சென்னைக்காரர்களுக்கு வெயில் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. கடலோர ஊரில் கொல்வது புழுக்கம். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை உலராது, வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. 38 டிகிரியிலேயே அகமதாபாத்தின் 43-ஐவிட மோசமான நிலை வரலாம். கடற்காற்று மதியம் பன்னிரண்டுக்கு வருகிறதா மூன்றுக்கு வருகிறதா என்பதைப் பொறுத்து ஒரே வாரத்தில் இரண்டு விதமான நாட்கள் அமையும். வானிலை ஆய்வுத் துறையும் வெப்ப அலை என்று சொல்லச் சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 என்று தனித்தனி அளவு வைத்திருக்கிறது, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பதோடு. அதிலும் ஈரப்பதம் நேரடியாக வருவதில்லை. இரவு வெப்பநிலையும் வருவதில்லை. தூங்க முடியாத இரவுகள் தொடர்ந்து வருவதுதான் முதியவர்களை வீழ்த்துகிறது.

ஆகவே சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வேண்டியது அவற்றின் சொந்த இறப்புப் பதிவேட்டிலிருந்து, ஈரப்பதத்தையும் இரவையும் சேர்த்து எடுத்த வரம்பு. வேலூருக்கும் கரூருக்கும் அது மறுபடி வேறு.

தமிழ்நாடு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்ததே, அது இதற்கு உதவுமா?

2024 அக்டோபரில் அறிவித்தார்கள். வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்ன இதய நோயாளியை நினைத்துப் பாருங்கள். சான்றிதழில் மாரடைப்பு என்று இருந்தால் அந்தக் குடும்பம் எதைக் காட்டிப் பணம் கேட்கும்? மிகை மரணம் என்பது கூட்டத்துக்குத்தான் கணக்காகும். இவர் வெயிலால் இறந்தார் என்று ஒரு தனி மனிதரைச் சுட்டிக்காட்ட அதனால் முடியாது. அதற்கு மருத்துவர்களுக்கு வேறு பயிற்சியும், வீட்டில் நடக்கும் மரணங்களை விசாரிக்க வேறு ஏற்பாடும் வேண்டும்.

கூரைக்கு வெள்ளை அடிப்பது பலன் தருமா?

தரும். அகமதாபாத்தில் 2017-ல் சுமார் 3,000 குடிசைப் பகுதிக் கூரைகளில் சுண்ணாம்பு வெள்ளை அடித்து முன்னோட்டம் பார்த்தார்கள். தெலங்கானா 2023-ல் இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. மலிவான வழி, ஆனால் தூசியும் மழையும் வெள்ளையைத் தின்றுவிடும். அடுத்த வருடம் மறுபடி அடிக்க யார் வருவார்கள் என்பதைத் திட்டத்தில் தேடிப் பாருங்கள்.

வெயிலில் வேலைக்குப் போகாதே என்றால் கூலி யார் தருவார்கள்?

எச்சரிக்கைத் திட்டங்கள் எல்லாமே தடுக்கி விழும் இடம் இது. 'மதியம் 12 முதல் 4 வரை வெளியே வராதீர்கள்' என்ற குறுஞ்செய்தி, அன்றாடக் கூலிக்காரருக்குப் போகும்போது அறிவுரையாக இருக்காது, கேலியாக இருக்கும்.

சேவா என்ற சுயதொழில் பெண்களின் சங்கம், அதன் தலைமையகமும் அகமதாபாத்தில்தான், 2023-ல் குஜராத்தில் சுமார் 21,000 பெண்களுக்கு வெப்பக் காப்பீடு ஒன்றைச் சோதித்தது. குறிப்பிட்ட அளவு வெப்பம் தொடர்ந்தால், இழப்பை நிரூபிக்கச் சொல்லாமலே பணம் வரும். முதல் வருடம் அந்த அளவை வெயில் தொடவில்லை, யாருக்கும் பணம் வரவில்லை. மறுவருடம் விதிகளைத் திருத்தினார்கள், பணம் வந்தது. வரம்பை எங்கே வைப்பது என்பது ஆய்வகத்துக் கேள்வி மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

ஆணையரோ மேயரோ மாறினால் எல்லாம் நின்றுவிடாதா?

நிற்கலாம். நியூயார்க் இதற்கு ஒரு வழி கண்டது. 2008-ல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் பருவநிலை மாற்றக் குழு ஒன்றை அமைத்தார். சிந்தியா ரோசன்சுவைக், வில்லியம் சொலெக்கி என்ற இரு ஆய்வாளர்கள் அப்போது அதன் இணைத் தலைவர்களாக இருந்தார்கள். 2012-ல் நகர மன்றம் உள்ளூர்ச் சட்டம் 42-ஐ இயற்றி அந்தக் குழுவை நிரந்தரமாக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நகரைத் தாக்கியது. 2013-ல் கடல்மட்டம், வெள்ளம் பற்றிய புதிய கணிப்புகள் தேவைப்பட்டபோது ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மேயர்கள் மாறிவிட்டார்கள், குழு இருக்கிறது.

இந்திய மாநகராட்சிகளுக்கு அந்த அளவு அதிகாரம் இல்லை என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் மாமன்றத் தீர்மானம் போட்டு, ஆண்டு பட்ஜெட்டில் ஒரு தலைப்பு ஒதுக்க யாரும் தடை சொல்வதில்லை.

என் ஊரில் இது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வார்டு கவுன்சிலரிடமோ மாநகர நல அலுவலரிடமோ கேளுங்கள். 'வெப்பத் திட்டம் இருக்கிறதா' என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். அதனால் வேறு மாதிரி கேளுங்கள். நம் ஊருக்கு எச்சரிக்கை வரம்பு எத்தனை டிகிரி, அதை எந்தத் தரவை வைத்து எடுத்தீர்கள்? சிவப்பு வந்தால் முதல் போனை எடுப்பவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார்? போன மே மாதம் நகரத்தில் நாள்வாரியாக எத்தனை மரணம் பதிவானது? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய்.